மைக்ரோடெர்மாப்ரேஷன்: முதல்முறை போகிறவர்களுக்கு

"முகத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்களாமே, நிஜமா?" நான் மைக்ரோடெர்மாப்ரேஷன் செய்துகொண்டவள் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது இதைத்தான். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. முகத்தோலின் மேற்படலத்தை இயந்திரத்தால் தேய்த்தெடுக்கும் சிகிச்சை அது; தேய்ப்பதுதான் அதன் வேலை. ஆனால் எவ்வளவு ஆழத்துக்குத் தேய்க்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஆழம் பிடிபட்டுவிட்டால், வலிக்குமா, எத்தனை நாள் சிவந்திருக்கும், பருக்குழி போகுமா, மங்கு குறையுமா என்ற மற்ற கேள்விகளுக்கு உங்களுக்கே பாதிப் பதில் வந்துவிடும்.

அதனால் முதலில் தோலைப் பார்ப்போம். மேல்தோல், அடித்தோல் என்று அதில் இரண்டு முக்கிய அடுக்குகள். முகத்தில் மேல்தோலின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதாவது நாம் எழுதும் ஒரு தாளின் கனம். கண்ணிமையில் அதிலும் பாதிதான். இவ்வளவு மெல்லிய மேல்தோலுக்குள்ளேயே பல வரிசைகள் உண்டு. அடி வரிசையில் புதுச் செல்கள் பிறக்கின்றன. பிறந்தவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகின்றன. வர வரத் தட்டையாகி, உயிர் போய், கடைசியில் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. இந்தச் செத்த செல்களின் படலம் முகத்தில் 10 முதல் 20 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் 10 மைக்ரான்.

அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இந்த ஓட்டம் மந்தமாகிறது. உதிர வேண்டியவை உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது முகம் தொட்டால் சொரசொரக்கிறது. மேலே படும் வெளிச்சமும் சீராகத் திரும்பாமல் சிதறிப் போகிறது. 'முகத்தில் களையே இல்லை' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தப் படலத்தின் கைவரிசைதான்.

மைக்ரோடெர்மாப்ரேஷன் கை வைப்பதும் இந்தப் படலத்தில்தான். சில சமயம் அதற்குச் சற்றுக் கீழே போகும், அவ்வளவே. மேல்தோலில் ரத்தக் குழாய்கள் கிடையாது. ஆகவே சரியாகச் செய்தால் ரத்தம் வரக் கூடாது, மரத்துப்போக ஊசியும் வேண்டியதில்லை. ரத்தம் துளிர்த்தால் கை தேவைக்கு மேல் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். இதை மட்டுமாவது மறக்காமல் போங்கள்.

பெயரால் வரும் ஒரு குழப்பம் உண்டு. 'டெர்மாப்ரேஷன்' என்பது வேறு சிகிச்சை. 1905-இல் எர்ன்ஸ்ட் க்ரோமையர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர், சுழலும் சக்கரத்தால் தழும்புகளைத் தேய்த்தெடுக்கும் முறையை விவரித்தார். அந்த வழியில் வளர்ந்தது டெர்மாப்ரேஷன். அது அடித்தோலைத் தொடும், ரத்தம் வரும், மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், புண் ஆற வாரக்கணக்காகும். முன்னால் 'மைக்ரோ' ஒட்டிய நம் சிகிச்சை 1985-இல் இத்தாலியில் உருவானது. தோல் உரிந்து செக்கச்செவேலென்று இருக்கும் முகங்களின் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் படங்களில் பலவும் அந்தப் பழைய சிகிச்சையைச் சேர்ந்தவை.

எதைக் கொண்டு தேய்க்கிறார்கள்?

உப்புத்தாள் கேள்வியில் பாதி உண்மை என்று சொன்னேனே, அது இங்கேதான். முதலில் வந்த இயந்திரங்கள் பயன்படுத்தியது அலுமினியம் ஆக்சைடு துகள்களை. இன்றும் பல இடங்களில் அதுதான். மரவேலைக்கு வாங்கும் உப்புத்தாள்கள் பலவற்றில் ஒட்டியிருப்பதும் இதே பொருள்தான். இயற்கையில் கிடைக்கும்போது இதற்குக் குருந்தம் என்று பெயர். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகள். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று வழங்கும் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கைப்பிடியின் நுனியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதைத் தோலில் வைத்ததும் இயந்திரம் காற்றை உறிஞ்ச, தோல் லேசாக மேலே எழும்பும். அதே நேரம் ஒரு குழாய் வழியே துகள்கள் வந்து அந்த இடத்தில் மோதும். மோதிய துகள்களும் பெயர்ந்த செத்த செல்களும் இன்னொரு குழாய் வழியே உள்ளே போய்விடும். ஒருமுறை பயன்பட்ட துகள் மறுபடி யார் முகத்துக்கும் வரக் கூடாது.

இரண்டாவது வகை, வைரத் துகள் பதித்த முனை. இதில் பறக்கும் துகள் எதுவும் கிடையாது. முனையே தேய்க்கும், உறிஞ்சும் வேலை மட்டும் இயந்திரத்துடையது. கண்ணுக்குள் துகள் போகும் பயம் இல்லாததால், கண்ணைச் சுற்றியும் உதட்டோரமும் வேலை செய்ய இதுவே வசதி. முனைகள் சொரசொரப்பில் பல அளவுகளில் வரும். நீரும் சீரம் எனும் தோல் பராமரிப்புத் திரவமும் சேர்த்துத் தேய்க்கும் இயந்திரங்களும் உண்டு. அவை இதன் உறவுக்காரர்கள்தான், ஆனால் தேய்ப்பு இன்னும் மென்மையாக இருக்கும்.

எந்த இயந்திரமானாலும் ஆழத்தைத் தீர்மானிப்பது நான்கைந்து விஷயங்கள். எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது, துகள் எவ்வளவு பாய்கிறது அல்லது முனை எவ்வளவு சொரசொரப்பு, கை எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது, ஒரே இடத்தில் எத்தனை முறை போகிறது. இவற்றில் பாதி இயந்திரத்தின் திருகில் இருக்கிறது, மீதி செய்பவரின் கையில். அதனால்தான் இரண்டு பேர் ஒரே இயந்திரத்தில் செய்துகொண்டுவந்து இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

போவதற்கு முன்

முதல் சந்திப்பிலேயே படுக்க வைத்துவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது. முகத்தில் என்ன பிரச்சினை, அது தோலின் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு தோல் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இயந்திரத்துக்கு வேலை. ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியும் இரண்டு திட்டுகளில் ஒன்று மேலோட்டமான நிறமாக இருக்கலாம், இன்னொன்று தேய்க்கவே கூடாத ஒன்றாக இருக்கலாம்.

நீங்களாகவே சொல்லிவிட வேண்டியவை சில இருக்கின்றன. பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் நிறுத்தினீர்களா என்பது முதலாவது. நிறுத்தி ஆறு மாதம் ஆக வேண்டும் என்று சொல்வது பழைய வழக்கம். மேலோட்டமான சிகிச்சைகளுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கப் போதிய ஆதாரமில்லை என்ற கருத்தும் இப்போது மருத்துவர்களிடையே இருக்கிறது. எதுவானாலும் முடிவு அவருடையது. மறைக்காமல் சொல்வது உங்கள் வேலை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உறிஞ்சும் இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும். உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருகிறவர் என்றால் அதை அவசியம் சொல்லுங்கள். அதற்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் நரம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். வாயைச் சுற்றித் தேய்ப்பது அதை எழுப்பிவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் மாத்திரை கொடுத்துத் தடுப்பார்.

சீழ் வைத்த பருக்கள் பூத்திருக்கும்போது செய்யக் கூடாது. முகம் அடிக்கடி சிவந்துபோகும் ரோசேஷியா, அரிப்போடு வரும் எக்ஸிமா, மருக்கள், ஆறாத புண், வெயிலில் கன்றிய தோல், இவற்றின் மேலும் கூடாது. காயம் ஆறிய இடம் தடித்துக் கீலாய்டாக வளரும் உடம்புக்காரர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். ரெட்டினால், ட்ரெட்டினாயின், பழ அமிலங்கள் சேர்ந்த க்ரீம்களை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாக்ஸிங், த்ரெடிங் எல்லாம் அதற்கு முந்தைய வாரத்தில் வேண்டாம். அவையும் தோலின் மேலேட்டைத் தொடுகிறவைதான்.

அந்த அரைமணி நேரம்

முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, எண்ணெய்ப் பசை போகச் சுத்தம் செய்வார்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கண்ணுக்கு மூடி போடுவார்கள். துகள் பாயும் இயந்திரம் என்றால் இதில் சமரசமே கூடாது. விழியில் துகள் பட்டால் உறுத்தலும் கீறலும் வரும்.

இயந்திரத்தை முடுக்கியதும் முதலில் கேட்பது சத்தம்தான், தூசி உறிஞ்சும் கருவி பக்கத்து அறையில் ஓடுகிற மாதிரி. செய்பவர் ஒரு கையின் இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியை ஒரே சீராக இழுப்பார். தளர்ந்த தோலில் முனை ஓட்டினால் மடிப்பு உள்ளே இழுபட்டுக் கோடு விழும். அதற்குத்தான் அந்த இழுத்துப் பிடிப்பு. நெற்றியில் எலும்புக்குப் பக்கத்தில் ஓடும்போது அதிர்வு பல் வரை கேட்கும். கன்னத்தில் பூனை நாக்கால் நக்குவது போல இருக்கும். மூக்கின் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் எரிச்சல், கண்ணில் நீர் முட்டும். மேலுதட்டில் கூச்சம் தாங்காது. ஒருமுறை நெடுக்காகவும் அடுத்து குறுக்காகவும் போவது வழக்கம். கண்ணருகே வந்ததும் உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கும் சத்தம் உங்களுக்கே கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கேளுங்கள்.

எல்லாம் முடிந்து முகத்தைத் துடைத்து மாய்ஸ்சரைசர் தடவி அனுப்ப, முகம் மட்டும் என்றால் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம். நான் முதல்முறை செய்துகொண்டது துகள் இயந்திரத்தில். வீட்டுக்கு வந்த பிறகும் காதுமடலின் உட்பக்கத்திலும் புருவ முடியிலும் வெள்ளை மணல் போல ஒட்டியிருந்தது. கையால் தேய்த்தால் கண்ணுக்குள் போய்விடும், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

அன்று மாலையும் மறுநாளும்

முகம் இளஞ்சிவப்பாகவோ, மாநிறத் தோலில் செம்பு பூத்தது போலவோ இருக்கும். நெடுநேரம் வெயிலில் நின்று வந்த கதகதப்பும் இழுவையும் தெரியும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும், சிலருக்கு மறுநாள் வரை நீளும். இரண்டாம் மூன்றாம் நாளில் தோல் வறண்டு, மாவு போல மெல்லிய செதில் உதிரலாம். அதைப் பிய்க்காதீர்கள். உறிஞ்சிய வேகத்தில் சிவப்புப் புள்ளிகளோ சின்ன ரத்தக்கட்டோ தெரிந்தால் சில நாளில் தானே மறையும், ஆனால் அடுத்த முறை வேகத்தைக் குறைக்கச் சொல்ல அது ஒரு காரணம்.

இந்த நாட்களில் தோலின் நிலைமையைப் புரிந்துகொள்வது முக்கியம். அந்தச் செத்த படலம் வெறும் குப்பை இல்லை. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமலும் வெளியிலிருப்பது உள்ளே வராமலும் காப்பது அதுதான். நாம் அதைத் தெரிந்தே மெலிதாக்கியிருக்கிறோம். ஆகவே ஈரம் சீக்கிரம் போகும், தடவுவது எதுவானாலும் வழக்கத்தைவிட அதிகம் உள்ளே இறங்கும். இதைப் பயன்படுத்தித்தான் சில மருத்துவர்கள் சிகிச்சை முடிந்த கையோடு மருந்து தடவுகிறார்கள். அதே காரணத்தால்தான் நேற்று வரை ஒன்றும் செய்யாத வாசனை க்ரீம் இன்று திகுதிகுவென்று எரிகிறது. படலம் மறுபடி சீராகும் வரை வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், மென்மையான முகக்கழுவி, இரண்டு மட்டும் போதும். ரெட்டினால், வைட்டமின் சி சீரம், அமிலங்கள், ஸ்க்ரப், குளோரின் போட்ட நீச்சல் குளம், இவற்றுக்கெல்லாம் சில நாள் ஓய்வு. மேக்கப்பை ஒரு நாளாவது தள்ளிப்போடுங்கள்.

வெயில் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி, முடிந்தால் குடை. இதைச் செய்ய முடியாத வாரமாக இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள். கடற்கரைப் பயணத்துக்கு முந்தின நாள் 'பளிச்' ஆக வேண்டும் என்று போய் நிற்பது எல்லாவற்றிலும் மோசமான திட்டம்.

மாநிறமும் கறுப்பும் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது

தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினைச் செய்யும் செல்கள் மேல்தோலின் அடி வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. நம் போன்ற தோலில் அவை சுறுசுறுப்பானவை. கொசுக்கடி, பரு, சூடு என்று எது பட்டாலும் உடனே நிறத்தைக் கொட்டித் தற்காத்துக்கொள்ளும். பரு போன பிறகும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான். மைக்ரோடெர்மாப்ரேஷன் அடி வரிசை வரை போவதில்லை என்பதால், லேசருக்கும், அமிலம் தடவித் தோலை உரிக்கும் ஆழமான பீலுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கறுத்த தோலுக்கும் பாதுகாப்பான சிகிச்சை என்றுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு மென்மையாகச் செய்யும் வரைதான்.

எனக்கே நேர்ந்தது இது. மூன்றாவது முறை போனபோது வழக்கமாகச் செய்பவர் இல்லை. புதிதாக வந்தவர் இடது கன்ன எலும்பின் மேல் மறுபடி மறுபடி ஓட்டினார். 'இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் நன்றாக வரும்' என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். எரிச்சல் இரண்டு நாள் நின்றது. பத்தாவது நாள் கண்ணாடியில் பார்த்தால், அதே இடத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அது மங்க நான்கு மாதம் ஆனது. எரிகிறது என்றால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பதை நான் அப்படித்தான் கற்றேன். முதல்முறை போகிறவர்கள் காதோரமோ தாடைக்கு அடியிலோ சின்ன இடத்தில் மட்டும் செய்து பார்க்கக் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

என்ன மாறும், என்ன மாறாது

மறுநாளிலிருந்தே தெரிவது தொடுகை. கன்னம் வழுவழுப்பாகும், கரும்புள்ளிகள் குறைந்தது போலிருக்கும், முகத்தில் வெளிச்சம் சீராக விழும். சில முறை தொடர்ந்து செய்தால் மேலோட்டமான நிறத் திட்டுகள், பரு விட்டுப்போன லேசான தடங்கள், கண்ணோரத்து மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கும்.

ஆணி குத்தியது போன்ற ஆழமான பருக்குழிகள் போகாது. அவற்றின் அடி அடித்தோலில் இருக்கிறது. மேலே பத்துப் பதினைந்து மைக்ரான் எடுப்பதால் குழி மேடாகிவிடாது. ஆழமான சுருக்கமும் தொங்கும் தோலும் இதே கணக்குதான். மங்கு எனப்படும் மெலாஸ்மாவில் நிறம் பல சமயம் ஆழத்திலும் இருக்கும். அதைத் தேய்த்தே போக்கிவிடலாம் என்று யாராவது உறுதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்; உராய்வும் சூடும் அந்தத் திட்டுகளைக் கிளறிவிடும். 'நிறம் கொடுக்கும்' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பிறவி நிறம் அடி வரிசையில் தீர்மானமாகிறது, அங்கே இந்த இயந்திரம் போவதே இல்லை.

தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் வளருமா என்று கேட்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகச் சொரசொரப்பான வைர முனையால் அழுத்தமாகத் தேய்த்தபோது கொலாஜன் உற்பத்திக்கான மாற்றங்கள் தோலில் தெரிந்தன, நடுத்தர முனையில் அப்படித் தெரியவில்லை. கேட்க நல்ல செய்திதான். ஆனால் அந்த அழுத்தம் நம் நிறத் தோலில் கறுப்புத் தடத்தையும் கொண்டுவரலாம் என்பதைக் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். மென்மையான தேய்ப்பையும் கொலாஜன் வாக்குறுதியையும் ஒரே பேச்சில் சொல்கிறவரிடம் எந்த முனை, எத்தனை முறை என்று கேளுங்கள்.

ஒருமுறையோடு நின்றால் கிடைத்த பளபளப்பும் அடுத்த சுற்றுச் செல்கள் மேலே வந்ததும் போய்விடும். அதனால் ஒன்று முதல் சில வார இடைவெளியில் ஐந்திலிருந்து பன்னிரண்டு முறை வரை செய்யச் சொல்வார்கள், பிறகு எப்போதாவது ஒருமுறை. எண்ணிக்கை உங்கள் பிரச்சினையைப் பொறுத்தது. இடையில் தோல் முழுதாகத் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் மாறாத விதி. வீட்டில் வைத்துச் செய்யும் சின்ன இயந்திரங்களுக்கு வேகம் குறைவு, பலனும் குறைவு. அவற்றில் வரும் சிக்கல் ஆசைப்பட்டு வாரம் மூன்று முறை ஓட்டிவிடுவதுதான்.

செய்பவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். முனை புதியதா அல்லது எப்படிக் கிருமி நீக்குகிறீர்கள்? என் நிறத் தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ஏதாவது ஆனால் எந்த மருத்துவர் பார்ப்பார்? சிவப்பு இரண்டு மூன்று நாளுக்கு மேல் நின்றாலோ, வீக்கம், சீழ், நீர்க்கொப்புளம், கண்ணில் உறுத்தல் வந்தாலோ காத்திருக்காமல் அந்த மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்: மேக்கப் இல்லாமல், அதே ஜன்னலருகே, அதே நேரத்தில். மூன்றாவது முறை முடிந்து இரண்டு வாரம் கழித்து அங்கேயே நின்று இன்னொன்று எடுங்கள். இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் பிரச்சினை இந்த இயந்திரம் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. நான்காவது முறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டு படங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.